அக்கா கண்ணில் படாத பிழை

திரை முழுக்கச் சிவப்பு. நீக்கப்படும் வரிகளைச் சிவப்பில் காட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். அன்று அப்படிச் சிவந்து கிடந்தவை நான் மூன்று வருடம் எழுதிச் சேர்த்த வரிகள். அவற்றுக்குப் பதிலாக வந்த பச்சை வரிகளோ இரண்டு பக்கத்தைக்கூட எட்டவில்லை. எழுதியவள் என் சின்னம்மா மகள். எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் சிக்னல் நிற்காததால், கரவனெல்லையில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்து, ஒரே கொழும்புக் கம்பனிக்கு இருவரும் வேலை செய்துகொண்டிருந்தோம். தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்து, “பாத்து சொல்லுங்கக்கா, எங்க பிழைன்னு” என்றாள். என் மூன்று வருடத்தை அழித்துவிட்டு, அதில் பிழை பார்க்கவும் என்னையே கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் வேலை ஒரு கம்பைலர். மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் ஓட்டக்கூடியதாக அது மாற்றித் தரும். நேரடியாக மாற்றாது, நடுவில் தன் வசதிக்காக ஓர் இடைநிலை வடிவத்தில் எழுதிக்கொள்ளும். நிரலில் ஒரு பொருளைக் கூப்பிட்டு ஒரு வேலையைச் செய்யச் சொல்வதற்கு மெதட் அழைப்பு என்று பெயர். அந்த அழைப்புகளுக்கு நான் நான்கு விதமான கட்டளைகளை வகுத்திருந்தேன். எந்த மெதட் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஒன்று, ஓடும்போதுதான் தெரியும் என்றால் வேறொன்று, தாய் வகுப்பிலிருந்து வந்தால் ஒன்று, இடைமுகம் வழியாக வந்தால் இன்னொன்று. அதில் யாராவது கை வைக்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வந்து கேட்க வேண்டும். அந்தப் பெருமையில்தான் என் காலம் ஓடியது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாம் மாதம் சாவகாசமாகக் கேட்டாள். “எதுக்குக்கா நாலு? ஆளு யாருன்னு தேடுறது ஒரு வேல. கூப்பிடுறது ஒரு வேல. ரெண்டையும் பிரிச்சிட்டா ஒன்னே போதுமே.” அவ்வளவுதான். எந்த மெதட் என்று தேடுவதற்கு ஒரு கட்டளை. தேடிக் கிடைத்ததை அழைப்பதற்கு ஒரே ஒரு கட்டளை. அழைக்கப்படும் பொருளுக்குத் தனி மரியாதை எதுவும் இல்லை. கொடுக்கும் தகவல்களில் அதுவும் ஒன்றாக, முதலாவதாக நிற்கும். கேட்ட மாத்திரத்தில் அது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் பொறுக்கவில்லை. மூன்று வயது இளையவள். சின்ன வயதில் என் கணக்குக் கொப்பியை எட்டிப் பார்த்து நான் போடுவதற்கு முன்பே விடையைச் சொல்வாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து படியில் உட்காரும் என் அம்மா, பெற்ற மகள் பக்கத்தில் இருக்கும்போதே, “அவளுக்குத் தலையெல்லாம் மூளடி” என்பார். அப்போது எரிந்தது இருபது வருடம் கழித்தும் அணையவில்லை.

எங்கள் குழுவில் ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் படித்து, சரி என்று அடையாளமிட்டால்தான் அது உள்ளே போகும். படிக்கத் தொடங்கிய பத்து நிமிடத்தில் பிழையைக் கண்டுவிட்டேன். பூசைக்கு ஒருவர் கடையில் தேங்காய், பழம் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் பூசாரியைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூசாரி இல்லாவிட்டாலும் தேங்காய் வாங்கியது வாங்கியதுதான். எங்கள் மொழியின் விதியும் அப்படித்தான்: கொடுக்க வேண்டியதையெல்லாம் முதலில் கணக்கிட வேண்டும், பிறகுதான் பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவள் தேடலைப் பிரித்து முன்னால் வைத்ததில் அந்தச் சோதனையும் கூடவே முன்னால் போய்விட்டது. பொருள் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். அதற்கு முன் நடந்திருக்க வேண்டியவை நடக்காமலே போகும். சோதனையை அழைப்புக் கட்டளைக்கு மாற்றினால் தீர்ந்தது, ஒரு வரி வேலை. நான் சொல்லவில்லை. “சரி” என்று அடையாளமிட்டு, “நல்லாருக்கு” என்று வாயாலும் சொன்னேன். மறதியில்லை, வேலைப்பளுவும் இல்லை. நாலு பேர் முன்னால் அது உடைய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவளை நிரந்தரமாக்குவதா என்று அந்த மாதம்தான் முடிவெடுப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் ஆசைப்பட்டபடியே நடந்தது. இரண்டு வாரம் கழித்து, வாடிக்கையாளருக்கு ஓட்டிக் காட்டும்போது அவர்களுடைய நிரல் நடுவில் நின்றது. நிற்பதற்கு முன் எழுதியிருக்க வேண்டிய பதிவு ஒன்றுகூட இல்லை. வீடியோ அழைப்பு முடிந்ததும் குழுவை நடத்தும் எங்கள் லீட் சிங்களத்தில் கேட்டார், “மேக்க பெலுவே கவுத?” இதைப் பார்த்தது யார் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். எழுதியது தான், பிழையும் தன்னுடையது, அக்காவைக் கேட்டுப் பயனில்லை என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். மத்தியானத்துக்குள் அந்த ஒரு வரியைத் தானே கண்டுபிடித்துத் திருத்தினாள். ஆனாலும் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. எனக்குச் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

அன்று மாலை வீடு திரும்பும் ருவான்வெல்லை பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்: “அனே அக்கா, நீங்க பாத்தே ஒங்க கண்ணுல படலைன்னா, அது யாரு கண்ணுலயும் பட்டிருக்காது. அத நெனச்சுத்தான் நான் அழல.” நான் “ம்” என்றேன்.

இப்போது எங்கள் குழுவுக்கு அவள்தான் லீட். நான்கு விதங்களும் போய், அழைப்புக் கட்டளை ஒன்றுதான் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் அரை நாளில் அதைப் புரிந்துகொண்டுவிடுகிறார்கள். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. அவளுடைய மாற்றங்கள் இன்றும் முதலில் என்னிடம்தான் வருகின்றன, ஒரு வரி விடாமல் படிக்கிறேன். போன வாரம் புதுப் பெண் ஒருத்தி பெரிய பிழை ஒன்றை விட்டுவிட்டு, கூட்டத்தில் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தாள். அவளைத் தேற்றத் தங்கச்சி அந்தப் பழைய கதையை எடுத்தாள். “பயப்படாதீங்க. நான் விட்ட பிழை ஒன்னு எங்க அக்கா கண்ணுலயே படாமப் போயிருக்கு. அவங்களாலயே புடிக்க முடியல, தெரியுமா?” எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பத்தே நிமிடத்தில் பிடித்தேன் என்று கத்த வேண்டும்போல் நாக்கு துடித்தது. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.