கீழ்வீட்டுக்குக் கேட்காமல்

நான் சத்தக்காரி. ஊரில் கோழியைக் கூப்பிட்டாலும் ஆளோடு சண்டை பிடித்தாலும் எனக்கு ஒரே குரல்தான். இரண்டு வளவு தாண்டிக் கேட்கும் என்று அம்மா பெருமையாகச் சொல்லுவார். அந்தக் குரலையும் கொண்டுதான் பிரெஞ்சுத் தலைநகரில் லா சப்பல் பக்கம் ஒரு நாலாம் மாடிக்கு, இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த முதல் மாதம், ஒருநாள் காலை ஏழு மணிக்குத் தரையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அடியில் டொக் டொக் என்று கேட்டது. கீழே யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மற்றப் பாதியையும் துருவி முடித்தேன். அடுத்த நாள் கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. எனக்கு அப்போது பிரெஞ்சில் ஒரு எழுத்தும் தெரியாது. அரிசி வாங்கும் கடைக்குக் கொண்டுபோய், காசு வாங்கும் பிள்ளையிடம் நீட்டினேன்.

“காலமை எட்டு மணிக்கு முதல் சத்தம் போடாதேங்கோ எண்டு எழுதியிருக்கு, அக்கா. மரியாதையாத்தான் எழுதியிருக்கிறார்.”

எனக்குப் பின்னால் முருங்கைக்காயும் கையுமாக நின்ற நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கத்தில் உடம்பு கூசியது. அந்தக் கீழ்வீட்டு மனிதர் கேட்டது எட்டு மணிக்கு முந்திய நேரத்தை மட்டும்தான். நான் முழு நாளையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

கதிரைக் கால்களுக்குப் பழைய காலுறை மாட்டினேன். மிக்ஸிக்குக் கீழே துவாயை மடித்து வைத்தேன். கதவைச் சாத்தும்போது கைபிடியைத் திருகிப் பிடித்துக்கொண்டு சாத்தப் பழகினேன். உணவகக் குசினியில் வேலை செய்யும் என் கணவருக்கு இதெல்லாம் பகிடி. “பாம்பு தின்னுற ஊருக்கு வந்தா நடுத்துண்டு எங்களுக்கு எண்டு இருக்கவேணும். நீ தலையையும் வாலையும் சேத்தெல்லோ தின்னுறாய்” என்பார். இங்கே பிறந்த மகள் வளர வளர அவள் எனக்குப் பொலிஸ் ஆனாள். மெத்ரோவில் என் குரல் கொஞ்சம் ஏறினால் போதும், “மாமோ, துஸ்மோ” என்று முழங்கையால் இடிப்பாள். அம்மா, மெதுவாக என்று அர்த்தம். சில வருடங்களில் யாரும் சொல்லாமலே நான் மெதுவானேன். அதைக் கெட்டித்தனம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அங்கே ஊரில் அம்மாவுக்குக் காது மங்கிக்கொண்டு வந்தது. போன் எடுத்தால் இதுதான் கதை.

“என்ன பிள்ளை, கள்ளன் மாதிரிக் கதைக்கிறாய்? உரத்துக் கதை. எனக்குக் கேக்கேல்லை.”

“இஞ்சை கீழை ஆக்கள் இருக்கினம், அம்மா.”

“இருந்தா இருக்கட்டுமன்!”

கடைசியாக அவர் எடுத்தபோது நான் ஒபர்வில்லியேயில் துணிக் கிடங்கில் உடுப்புக் கட்டும் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சனநெருக்கம். போனையும் வாயையும் கையால் பொத்திக்கொண்டு பேசினேன். அம்மா பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டியோ என்றார். ஓம் என்றேன். கேட்கவில்லை என்று திரும்பவும் கேட்டார். மூன்று தரம் ஓம் சொன்னேன், மூன்றும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். “வீட்டை போய் எடுக்கிறன், அம்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபோது அங்கே அம்மா படுக்கும் நேரம் தாண்டியிருந்தது. நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டேன். காலையில் அண்ணன் எடுத்தார். அம்மா நித்திரையிலேயே போய்விட்டார் என்றார்.

என்னிடம் இருப்பது அகதிக்குரிய அட்டை. அதை வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது. எங்கள் பக்கம் தாய் செத்தால் மகளின் அழுகை தெருவுக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சனம் கதைக்கும். சனத்தை விடுங்கள், எனக்கே அது தேவையாக இருந்தது. அந்த ஓமையாவது அம்மாவின் காதில் விழும்படி ஒரு தரம் உரத்துச் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாளும் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செத்தவீடு. அங்கே பின்னேரம் மூன்று மணி, இங்கே காலை பத்தரை. போனில் அம்மாவின் முகம் தெரிந்தது. அண்ணனின் மனைவி போனைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“மச்சாள், தூக்கப் போகினம். அம்மான்ர காதுக்குக் கிட்டப் பிடிக்கிறன். சொல்லி அழுங்கோ, மச்சாள்!”

திரையில் அம்மாவின் காதும் நரைமுடியும் மட்டும் தெரிந்தன. நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் மகள் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினாள். அவளை யாரும் சாத்தச் சொல்லவில்லை. நானும் தலையணை ஒன்றை எடுத்து மடியில் வைத்திருந்ததை அப்போதுதான் கண்டேன். எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. தொண்டையைத் தாண்டி வந்தது காற்றுத்தான். “ஓம் அம்மா, சாப்பிட்டனான்” என்றேன். பஸ்ஸில் சொன்னதை விடவும் மெதுவாக இருந்தது.

அங்கே பறை அடிக்கத் தொடங்கியது. யாரோ ஒரு ஆண் குரல், “போனிலை ஒரு சத்தமும் வரேல்லை, லைன் வெட்டுப்பட்டிட்டுது போல” என்றது. மச்சாள் போனைத் திருப்பிப் பார்த்தார். “மச்சாள்? மச்சாள்?” என்றார். பிறகு படம் அணைந்தது. திரும்ப எடுத்தேன். யாரும் போனைத் தூக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கதவு மணி அடித்தது. அன்று கடிதம் எழுதிய கீழ்வீட்டு மிஸ்ஸியூ வெள்ளைப் பூச்செடி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். படியில் கண்டபோது மகள் அம்மாவின் சாவைச் சொல்லியிருக்கிறாள். வயதான மனிதர், கண் கலங்கியிருந்தார். எனக்கு விளங்கட்டும் என்று ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக ஏதோ சொன்னார். பாதிதான் பிடிபட்டது. மகளைப் பார்த்தேன்.

“தனக்குத் தெரியாமப் போச்சாம், அம்மா. போன ஞாயிறு முழுக்க வீட்டிலைதான் இருந்தவராம்” என்றாள். பிறகு அவர் கடைசியாகச் சொன்னதையும் சொன்னாள்: “தனக்கு ஒண்டும் கேக்கேல்லையாம்.”