அடைத்த வால்வு

அறுபதுகளின் கடைசியில், நல்லூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் நானும் என் கூட்டாளியும் பனியன் மெஷின் பாகங்களுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பழைய கம்ப்ரஸர் ஒன்றுதான் எங்களுக்குச் சோறு போட்டது. அதில் வாரம் ஒரு பாகம் உடையும், நாங்களே சரிசெய்வோம். அவனுக்குக் காது கூர்மை. ஓடும்போது பக்கத்தில் தலையைச் சாய்த்து நிற்பான். "உள்ள இருக்கிற தகடு கீறிருச்சு மாப்ள" என்பான். பிரித்துப் பார்த்தால் மயிரிழைக் கீறல் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, அழுத்தம் மிஞ்சினால் காற்றை வெளியே விடும் சேஃப்டி வால்வின் ஸ்பிரிங் முறிந்தது. முந்தின நாள்தான் அவன் அதைக் கழற்றித் துடைத்து மாட்டியிருந்தான். காற்று வால்வு வழியே போய்க்கொண்டே இருந்தது, தொட்டியில் நிற்கவில்லை. அவன் தொழுகைக்குப் போயிருந்தான். சாயங்காலம் கொடுக்க வேண்டிய வேலை பாதியில் கிடந்தது. புது ஸ்பிரிங் வாங்கக் கோயமுத்தூர் போக வேண்டும். நான் வால்வைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் ஒரு போல்ட்டை முடுக்கினேன். பிரஷர் மீட்டரில் முள் ஏறியதும் நானே மோட்டாரை நிறுத்திக்கொள்ளலாம் என்ற தைரியம்.

நடுவில் கரண்ட் போனது. சுவிட்சை அணைக்காமல் சாப்பிடப் போனேன்.

ரசம் ஊற்றிக்கொண்டபோது மோட்டார் ஓடுவது காதில் விழுந்தது. அவன் வந்து போட்டிருப்பான் என்றுதான் முதலில் நினைத்தேன். போல்ட் ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. எச்சில் கையோடு ஓடினேன். கொல்லைக் கதவைத் தாண்டுவதற்குள் தொட்டி வெடித்தது.

அவன் அப்போதுதான் உள்ளே வந்திருக்கிறான். சத்தம் சரியில்லை என்று கிட்டப் போய்க் குனிந்திருக்கிறான். தரையில் கிடந்தவனின் இரண்டு காதிலும் ரத்தம்.

உயிருக்கு ஒன்றுமில்லை, காது திரும்பாது என்றார் டாக்டர். அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கிழிந்த தொட்டியிலிருந்து அந்த போல்ட்டைக் கழற்றிக் கிணற்றில் போட்டேன்.

வீடு திரும்பியதும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் குரலின் அளவு தெரியாமல் கத்தினான்: "நான் மாட்டுன வால்வுதான் மாப்ள சிக்கிருச்சு. உன்ர ஊட்டுல இப்பிடிப் பண்ணிப்போட்டேனே!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டான்.

வேறு தொட்டி பிடித்து, வளைந்த ராடை நிமிர்த்தி, கம்ப்ரஸரை மறுபடி ஓட வைத்தேன். அவன் நாலு நாள் வந்து உட்கார்ந்தான். கையை அதன் மேல் வைத்துப் பார்ப்பான், எடுத்துக்கொள்வான். பிறகு மனைவியின் ஊரான வெள்ளகோவிலுக்குக் குடும்பத்தோடு போய் அரிசிக் கடை வைத்தான்.

இரண்டு வருஷம் கழித்து, சொல்லிவிடுவது என்றே பஸ் ஏறிப் போனேன். "வாங்கண்ணா, அவருக்கு நீங்க எழுதித்தானுங்க காட்டோணும்" என்று அவன் மனைவி ஒரு சிலேட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பல்பத்தை எடுத்தேன். அவன் ஆசையாக என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சௌக்கியமா?" என்று எழுதினேன்.