பென்னாகரத்துத் தாம்பாளமும் மாண்டினீக்ரோ விருந்தாளியும்

போன தை மாதம் மகள் தீபா மால்டாவிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். அங்கே அவள் நர்ஸ். கூடவே இரண்டு தோழிகள். மரியா மால்டாக்காரர், யெலெனா மாண்டினீக்ரோக்காரர். இருவருக்கும் தத்தம் நாட்டு வெளியுறவுத் துறையில் வேலை. ஒகேனக்கல் பார்க்க ஆசைப்பட்டார்கள். வழியில் பென்னாகரம் பக்கம் எங்கள் குலதெய்வம் இருக்கிறாளே, அவளைப் பார்க்காமல் போவதா?

காலை ஆறரைக்கு அதியமான்கோட்டையில் கிளம்பினோம். கார் வாடகை டீசலோடு 2,800 ரூபாய். பென்னாகரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

காரில் தீபா தோழிகளின் நாடுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். மால்டா நம் மாவட்டத்தின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. மாண்டினீக்ரோ அதில் சேரக் காத்திருக்கிறது. உள்ளே இருக்கும் அத்தனை நாடும் சம்மதிக்க வேண்டுமாம், மால்டா உட்பட.

“நம்மூரு பங்காளிக் கூட்டமேதானுங்க்கா!” என்று டிரைவர் தம்பி சிரித்தார். முன்சீட்டில் இருந்த என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

காரணம் இருக்கிறது. அவர் தம்பி முருகேசன் பெங்களூர் போனபின் கோயில் வரி கட்டவில்லை, அப்பா காரியத்துக்கும் வரவில்லை. பங்காளிகள் அவரைத் தள்ளி வைத்துவிட்டார்கள். இப்போது அவர் மகளுக்குக் கல்யாணம். மறுபடி சேர்த்துக்கொண்டால்தான் முதல் பத்திரிகையை அம்மன் முன் வைக்கலாம். அதற்குப் பூசாரி வைக்கும் வெற்றிலைத் தாம்பாளத்தை எல்லா வீட்டாரும் சம்மதம் என்று தொட வேண்டும். எல்லாரும் தொட்டாயிற்று. பாக்கி எங்கள் வீடுதான்.

கோயிலில் கொழுந்தனார் முருகேசன் பத்திரிகையோடு நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் சாமி கும்பிட்டார், தாம்பாளத்தைத் தொடாமல் தாண்டி வெளியே வந்தார். “பசிக்குது, கிளம்பலாம்” என்றார்.

தீபா அதற்குள் தோழிகளிடம் முழுக்கதையும் சொல்லிவிட்டாள். யெலெனா மெதுவாக ஏதோ சொன்னார்.

“என்னாங்குது அந்தம்மா?” என்றார் இவர்.

“முடியாதுன்னு சொன்னாக்கூடத் தாங்கிக்கலாமாம்ப்பா. ஒண்ணுமே சொல்லாம நிக்க வெக்கறதுதான் கஷ்டமாம். அவங்க நாடு வருசக்கணக்கா அப்படித்தான் நிக்குதாம்.”

“வூட்டுச் சண்டைய வெளிநாடு வரைக்கும் கொண்டுபோயிட்டியா?” என்று மகளை முறைத்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார். “அப்பா காரியத்துக்கு ஏன்டா வரல?” இத்தனை வருடத்தில் அன்றுதான் நேரடியாகக் கேட்டார்.

“நம்மூரு டீக்கடை வரைக்கும் வந்தேண்ணா. வூட்டுக்குள்ள வர மூஞ்சியில்ல.”

இவர் மறுபடி உள்ளே போய்த் தாம்பாளத்தைத் தொட்டார்.

“பத்திரிகையில எம்பேரு இருக்குதா?”

“மொத பேரே உங்களுதுதாண்ணா.”

“எழுத்து ஏன்டா இத்தனூண்டு?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பத்திரிகையை அம்மன் காலடியில் வைத்துவிட்டுத்தான் ஒகேனக்கல் போனோம், இன்னும் பதினாறு கிலோமீட்டர். பரிசலில் சுற்றும்போது மரியா யெலெனாவின் தோளைத் தட்டி, “எங்கள் நாட்டின் கை ஏற்கெனவே தாம்பாளத்தில் இருக்கிறது” என்றாராம்.

போகிறவர்கள் பத்து மணிக்குள் அருவிக்குப் போய்விடுங்கள், பிறகு கூட்டம் நெரிக்கும். மாற்றுத்துணியும் சில்லறையும் அவசியம். தண்ணீர் அதிகமென்றால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எங்களுக்கு அம்மன் கேட்காமலே கொடுத்துவிட்டாள். யெலெனா நாட்டுக்காகவும் வேண்டிக்கொண்டேன். அது ஒன்றியத்தில் சேர்ந்த அன்று பொங்கல் வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். தேதி அவர்களுக்கே தெரியாதாம். பரவாயில்லை, அம்மனுக்குத் தெரியும்.