ஹர்த்தால் அன்று கொச்சி விமானம்

துபாயில் மகளுக்குப் பிரசவ நேரம். பக்கத்தில் இருக்கும் திருவனந்தபுரத்திலிருந்து டிக்கெட் விலை நெருப்பாக இருந்ததால், கொச்சியிலிருந்து இரவு விமானத்தில் எடுத்தேன். "மைனி, பக்கத்துல ஏர்போர்ட் கெடக்க, கொச்சிக்கா போறிய?" என்று கொழுந்தனார் சிரித்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று விட்டுவிட்டேன்.

காலையில் வடசேரியிலிருந்து வாடகைக் காரில் கிளம்பினேன். கேரள எல்லையில், களியக்காவிளையில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். "யம்மா, கேரளாவுல இன்னைக்கு ஹர்த்தாலாம். இனி போனா கண்ணாடிய ஒடச்சிருவானுவ." நம் பக்கம் டீக்கடையில் கூட்டம், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. நம்மூர்ச் செய்தியை மட்டும் பார்த்துக் கிளம்பியது என் தப்பு.

கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். "சொன்னா கேட்டியளா? திரும்பி வாங்க மைனி" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மக்கா, ஹர்த்தாலுக்கு ரயிலும் நிக்குமா?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"ரயிலு ஓடும்."

"அப்ப குழித்துறை ஸ்டேஷனுக்கு விடு."

கொச்சி ஏர்போர்ட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனான ஆலுவாவில் ரயிலை விட்டு இறங்கினால் ஆட்டோ இல்லை. ஸ்டேஷன் வாசலில் நின்ற போலீஸ் வண்டியின் முன்னால் பெட்டியோடு போய் நின்றேன். "சாரே, மகளுக்குப் பிரசவம். என்னை ஏத்தாம இந்த வண்டி நகராது." போலீஸ்காரர் சிரித்துவிட்டார். "கேறிக்கோ அம்மச்சி" என்று ஏறிக்கொள்ளக் கதவைத் திறந்துவிட்டார்.

பேரன் பிறந்தபோது மகள் பக்கத்தில் நான் இருந்தேன்.

இப்போதும் கொச்சியில்தான் ஏறுகிறேன். ஆனால் கேரளச் செய்தியையும் பார்த்துவிட்டு, முந்தின நாளே ரயிலில் போய்விடுகிறேன். கேலி செய்பவர்கள் பக்கத்திலிருந்தே பறக்கட்டும். அவர்கள் ஒரு தடவை போகும் காசில் நான் இரண்டு தடவை பேரனைக் கொஞ்சிவிட்டு வருகிறேன்.