தெமோதரைக்கு மூன்று பேர், ஓர் அமீர்

பதுளையிலிருந்து தெமோதரைக்குப் போவதை எங்கள் ஊரில் யாரும் பயணம் என்று சொல்லமாட்டார்கள். பஸ்ஸில் ஏறி, மிச்சக் காசுக்காக நடத்துநரோடு சண்டை பிடித்து முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். நானும் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. சென்ற ஆண்டு உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும், என் மகன் ரியாஸின் மகள் ருஷ்தா "இனி நான் எழுத மாட்டன்" என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். உயிரியல் பிரிவு. மூன்று பாடத்தில் இரண்டு போய்விட்டது. இரண்டாம் தடவைக்கு விண்ணப்பிக்க அந்த வாரக் கடைசி வரைதான் நேரம் இருந்தது. அதற்குள் அவள் மனதை மாற்ற வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

முதலில் ரியாஸ் தன் வழியில் முயன்று பார்த்தான். கொழும்பிலிருந்து வந்த ஊக்கப் பேச்சாளர் ஒருவரின் கூட்டத்துக்கு அவளை அழைத்துப் போனான். அந்த மனிதர் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னார், கைதட்டச் சொன்னார், கண்ணை மூடி வெற்றியைப் பார்க்கச் சொன்னார். ருஷ்தா கண்ணை மூடினாள். வீட்டுக்கு வந்து அதையே தொடர்ந்தாள். பிற்பகல் அஸர் தொழுகை வரை நல்ல தூக்கம். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பஜாரில் துணிக்கடை நடத்திக்கொண்டே கிடைத்ததையெல்லாம் வாசித்துத் தேறியவன் நான். வீட்டிலேயே இருக்கிற என்னைப் பேசச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

என் திட்டம் எளிமையானது. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அந்தோணி என்று ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் என் கடையில்தான் குடும்பத்துக்குத் துணி எடுப்பார். தொழிற்சாலையில் வேலை. அவருடைய மகள் ஸ்டெல்லா லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்து படித்துப் பல்கலைக்கழகம் போனவள். அவளை ருஷ்தா நேரில் பார்க்க வேண்டும், பார்த்து வெட்கப்பட வேண்டும், திரும்பி வந்து புத்தகத்தை எடுக்க வேண்டும். இதில் தவறு நேர இடமே இல்லை என்று நினைத்தேன்.

காலை எட்டு மணிக்குப் பதுளைப் புகையிரத நிலையத்தில் நான், என் மனைவி சுபைதா, ருஷ்தா மூவரும் நின்றோம். மூன்று பேர் சேர்ந்து பயணம் போனால் ஒருவரை அமீராக, அதாவது தலைவராக, வைத்துக்கொள்வது நபிவழி. அமீர் எல்லாரிடமும் ஆலோசனை கேட்பார், முடிவு அவருடையது, மற்றவர்கள் கீழ்ப்படிய வேண்டும். எங்கள் குடும்பத்தில் இதை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவன். இத்தனை வருடமும் அமீர் நான்தான். அன்றும் ஒரு ஒழுங்குக்காக, "சரி, யாரை அமீராக்குவம்?" என்று கேட்டேன்.

"ருஷ்தாவ" என்றாள் சுபைதா.

"அவ சின்னப் புள்ள."

"பதினெட்டு முடிஞ்சி. நான் செல்றது ருஷ்தாவ. ருஷ்தா, நீ யார செல்றாய்?"

"நானும் என்னத்தான்" என்றாள் அவள். பெறுபேறு வந்த பிறகு அவள் பேசிய முதல் உருப்படியான வாக்கியம் அது.

மார்க்கத்தில் பதவியைத் தானாகக் கேட்டு வாங்குவது விரும்பத்தக்கதல்ல என்று எடுத்துச் சொன்னேன். "அப்ப நீங்களும் கேக்க ஏலாதே" என்றாள் சுபைதா. அடுத்ததாக, பதினைந்து கிலோமீட்டர் தூரம் பயணமே ஆகாது, நீண்ட பயணத்தில் கிடைக்கும் தொழுகைச் சுருக்கம்கூடக் கிடைக்காத தூரத்துக்கு அமீர் எதற்கு என்று கேட்டேன்.

"போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஹாலிஎலைக்குப் போகக்குள்ள நீங்கதானே அமீர்? அது எத்தின கிலோமீட்டர்?"

என் மனைவிக்கு எல்லாம் நினைவிருக்கும். உப்பு வாங்குவதைத் தவிர.

மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு அறுபது ரூபாய். எட்டரைக்குப் புறப்பட்டது. ருஷ்தாவின் முதல் உத்தரவு ஹாலிஎலைக்கு முன்பே வந்தது: "அப்பா, தெமோதரை வாற வரைக்கும் படிப்பப் பத்தி ஒன்னும் பேசக் கூடாது." (எங்களில் தந்தை வாப்பா, தந்தையின் தந்தை அப்பா. வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) வழிநெடுகப் பேசுவதற்கு நான் ஏழு விஷயங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். அந்தப் பாதையில் அவ்வளவு தேயிலை இருக்கிறது என்பதை இந்த வயதில்தான் கவனித்தேன்.

தெமோதரையை நெருங்கும்போது புகையிரதம் ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. நிலையம் அந்தச் சுரங்கத்துக்கு நேர் மேலே இருக்கிறது. வண்டி வெளியே வந்து, மலையை ஒரு வட்டம் சுற்றி ஏறித்தான் நிலையத்தை அடையும். சரிவு அதிகமென்பதால் அப்படிப் போட்டார்கள் என்று ருஷ்தா சுபைதாவுக்கு விளக்கினாள். மண் எது, பாறை எது, மழைநீர் எந்தப் பக்கம் இறங்கும், மீரியபெத்தவில் லயங்களின் மேல் மலை ஏன் சரிந்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். நான் குறுக்கிடவில்லை. குறுக்கிட அனுமதி இல்லை.

நிலையத்திலிருந்து தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர். முச்சக்கர வண்டிக்காரர் ஆயிரம் கேட்டார். நான் ஐந்நூறு என்றேன்.

"ஐயா, ரோடு கெட்டுப் போய்க் கெடக்குங்க. மேல போயி வந்தா என் முதுகே கழண்டுரும்."

"ஐந்நூற்றைம்பது."

"அமீர் செல்றேன், எழுநூறு குடுங்க" என்றாள் ருஷ்தா.

வண்டிக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "வீட்டுல புள்ளைக கையில அதிகாரம் போயிருச்சுங்களா?" என்று கேட்டார். முதல் ஆளாக வண்டியில் ஏறிக்கொண்டேன். ஆனால் ரோடு பற்றி அவர் சொன்னது உண்மை.

அந்தோணி லயத்து வாசலிலேயே காத்திருந்தார். "வாங்க மொதலாளி, வாங்கம்மா" என்று உள்ளே கூட்டிப்போய், அவித்த மரவள்ளிக் கிழங்கும் கட்டசம்பலும் பிளேன்டீயும் வைத்தார். "சட்டி புதுசுங்க, ஒங்களுக்காகவே வாங்குனது" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "ஸ்டெல்லா! வந்துட்டாங்க!" என்று கூப்பிட்டார். லீவில் வந்திருந்த பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, சுவரோடு நின்று, புகையிரத நிலைய அறிவிப்பைப் போல ஒரே மூச்சில் சொன்னாள்:

"வணக்கம். நான் மூணு கிலோமீட்டர் நடந்து ஸ்கூலுக்குப் போனேன். மண்ணெண்ணெய் வெளக்குல படிச்சேன். எங்கம்மா கொழுந்து பறிச்சாங்க. தன்னம்பிக்கை இருந்தா எதையும் சாதிக்கலாம். வேற ஏதாவது கேக்கணுமா?"

நான் ருஷ்தாவைத் திரும்பிப் பார்த்தேன். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. "வெளக்குலயா? மேல பல்ப் ஈக்குதே" என்றாள்.

"நான் ஒன்னாம் வகுப்புப் படிக்கிறதுக்கு முந்தியே கரண்ட் வந்துருச்சு. அப்பாதான் வெளக்குன்னு சொல்லச் சொல்வாரு. வர்றவங்களுக்கு அதுதான் புடிக்குமாம்."

"அடிக்கடி கரண்ட் போவும்ல?" என்றார் அந்தோணி.

"போனா தூங்கிருவேன். இந்த மாசம் நீங்க நாலாவது குடும்பம், தெரியுமா? போன ஞாயித்துக்கெழம பண்டாரவளையிலேருந்து வந்தாங்க. அந்தப் பையன் என்னைய மொறச்சுப் பாத்துக்கிட்டே இருந்தான். அவனுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?"

ருஷ்தா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஸ்டெல்லாவும் சேர்ந்துகொண்டாள். பெறுபேறு வந்த பிறகு எங்கள் பிள்ளை சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. சுபைதா முக்காட்டுக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கவனித்தேன். ஆனால் நான் வந்த காரியம் இதுவல்ல.

"நீங்க பயோ படிச்சிருந்தா இத விட நல்லா வந்திருப்பீங்களே, மகள்" என்று ஸ்டெல்லாவிடம் சொல்லி, பேச்சைப் பாதைக்குக் கொண்டுவரப் பார்த்தேன்.

"எங்க ஸ்கூல்ல பயோவே கெடையாதுங்க தாத்தா. இருந்திருந்தா எங்கப்பா அதுல சேத்துவிட்டு நானும் பெயிலாகியிருப்பேன்" என்றவள் ருஷ்தாவிடம் திரும்பி, "ஒனக்கு என்ன படிக்கப் புடிக்கும்?" என்று கேட்டாள்.

"புவியியல்."

அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். எனக்கு அது செய்தி. ரியாஸுக்கும் செய்தியாகத்தான் இருக்கும். அவள் பிறந்த அன்று காதில் பாங்கு சொன்ன கையோடு "டாக்டர்" என்று நான்தான் சொன்னேன். அன்றோடு அந்த விஷயம் முடிந்துவிட்டதாகவே இருவரும் நினைத்திருந்தோம்.

லுஹர் தொழ உள்ளறையில் இடம் கொடுத்தார்கள். அந்தோணி அலமாரியிலிருந்து புதுப் போர்வை எடுத்து விரித்தார். என் கடையில் வாங்கியதுதான், சாயம் போகவில்லை.

திரும்பும்போது மணி இரண்டு. தெமோதரை நிலையத்து வாங்கில் உட்கார்ந்ததும் அமீர் மஷூராவைக் கூட்டினார். மஷூரா என்றால் ஆலோசனைக் கூட்டம். வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், ஒருவர் பேசும்போது மற்றவர் இடைமறிக்கக் கூடாது. இந்த ஒழுங்கையெல்லாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. விஷயம்: ருஷ்தா மீண்டும் எழுதுவதா, எழுதினால் எதை?

வலப்பக்கம் சுபைதா. "எனக்கு டாக்டர் வேணாம். எனக்கு மாத்திரை தாறதுக்கு ஆஸ்பத்திரியில ஆள் ஈக்கு. வீட்டுல சிரிக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல" என்றாள்.

அடுத்தது நான். பதினைந்து நிமிடம் பேசினேன். காலையில் விழுங்கிய ஏழு விஷயங்களும் வெளியே வந்தன. புவியியல் படித்து யாருக்கு ஊசி போடுவாய் என்றும் கேட்டேன். அவள் இடைமறிக்காமல் முழுவதையும் கேட்டாள்; அது இதுவரை நடந்ததில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னாள்:

"மலைகள் எப்படி நாட்டப்பட்டிருக்குன்னு பாத்து யோசிக்கச் சொல்லி, சுபஹு தொழுதுட்டு நீங்கதானே அப்பா குர்ஆன் ஓதி விளங்கப்படுத்துவீங்க? சின்னதுல இருந்து நான் அதத்தான் பாத்துக்கிட்டு ஈக்கிறேன். அது சரிஞ்சா கீழ ஈக்கிற லயத்துக்கு என்ன ஆகும்னு யாராவது படிக்கத்தானே வேணும்? அமீர் முடிவு: நான் எழுதுறேன். கலைப் பிரிவுல, புவியியல் எடுத்து எழுதுறேன். வாப்பாக்கிட்ட நீங்கதான் செல்லணும்."

இது அநியாயம் என்றேன். மஷூரா முடிந்துவிட்டது என்றாள் சுபைதா.

புகையிரதத்துக்குக் காத்திராமல், நாலு மணிக்கு முன்பே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். வாசலில் ரியாஸ் நின்றான். "என்ன வாப்பா, எழுதுறாளா?"

"எழுதுறாள். பயோ இல்ல, புவியியல்."

"நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

"ஒத்துக்கல்ல. ஆனா முடிவாகியாச்சு. நீ செல்லப் போற எல்லாத்தையும் ஸ்டேஷன்ல நான் உன்ன விட நல்லா செல்லிட்டேன்."

"பயணம் முடிஞ்சி, வீட்டுக்கு வந்தாச்சு. இனி என்ன அமீர்?"

உண்மையைச் சொன்னால் பஸ்ஸில் நானும் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆனால் பயணத்தில் எடுத்த முடிவை வாசலில் வைத்து உடைக்கிற பழக்கம் என்னிடம் இல்லை. "பரீட்சை முடியிற வரைக்கும் பயணம் முடியல்ல" என்று சொல்லிவிட்டு அஸர் தொழப் போனேன். அன்றிலிருந்து ரியாஸ், அவனுடைய மாமனார், கண்டியிலிருக்கும் என் தங்கை என்று ஒவ்வொருவராக வந்து வாதாடுகிறார்கள். ஒருவரையும் அவளுடைய அறைப் பக்கம் விடவில்லை. என்னிடம் பேசி ஜெயித்துவிட்டுப் போகட்டும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பதுளையிலிருந்து ஏறினால் ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குப் பிறகு வளைவு நன்றாகத் தெரியும். புகையிரத நேரம் மாறிக்கொண்டே இருக்கும், முந்தின நாளே நிலையத்தில் கேளுங்கள். மேலே போக எழுநூறு கொடுங்கள். பிற்பகலில் மழை வரும், குடை அவசியம். அந்தோணியின் தோட்டத்துப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. ஐந்தாவது குடும்பமாக நீங்கள் போய் நிற்க வேண்டாம், அந்தப் பெண் படிக்கட்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் அமீரைத் தேர்ந்தெடுக்கும் முன் மனைவியின் மனதை அறிந்துகொள்வது நல்லது.

இப்போது ருஷ்தா விடியலில் சுபஹுக்குத் தானே எழும்புகிறாள். தொழுதுவிட்டு வரைபடங்களை விரித்துக்கொண்டு உட்காருகிறாள். யாரும் கைதட்டச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் நல்ல டாக்டராக வந்திருப்பாள் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அதை வீட்டில் சொல்லக் கூடாது என்று உத்தரவு. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.