அண்ணன் ஜீப்புக்கு ஆயில் பார்த்த நாள்

என் அண்ணனுக்கு இடது முழங்கால் மடங்காது. வெளிநாட்டில் வேலை பார்த்தபோது சாரத்திலிருந்து விழுந்து வாங்கி வந்தது. கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால், ஊர் திரும்பியதும் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் ஜீப்பைத் தேடிப் பிடித்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. அடைமழையில் வாய்க்கால் கரைச் சேற்றிலும் ஒற்றைக் காலை நம்பி வயலுக்குப் போய் வந்துவிடுவார். பாபநாசம் கடைத்தெருவில் அவர் நடந்தால் பரிதாபமாகப் பார்த்தவர்கள், ஜீப்பில் போனால் வழிவிட்டார்கள்.

அந்த வண்டிக்கு மெக்கானிக் நான். என்னை நியமித்தவனும் நானே. தெரிந்ததெல்லாம் டிராக்டர். அதில் இன்ஜினை அணைத்து ஆறவிட்டு ஆயில் பார்ப்போம். இதற்கும் அப்படியே பார்த்தேன். கியர் ஆயில் அளவுக்கு மேல் காட்டியது. எவனோ மடையன் கூடுதலாக ஊற்றியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே கொஞ்சம் இறக்கிவிட்டேன். மறுநாள் வண்டி உறுமியதே தவிர நகரவில்லை. மடையன் யார் என்று ஊருக்கே தெரிந்துபோனது.

பிறகுதான் முறையைக் கற்றுக்கொண்டேன். வண்டி நன்றாக ஓடிச் சூடாக வேண்டும். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டபடியே பார்க்க வேண்டும். ஒருவர் உள்ளே பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ஒவ்வொரு இடத்துக்கும் தள்ளி, திரும்பப் பார்க்கிங்குக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகு இன்னொருவர் ஆயில் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, இரண்டு கோட்டுக்கு நடுவே ஆயில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அண்ணன் உள்ளே, நான் வெளியே. ஆயில் நல்ல சிவப்பு. துணி கொண்டுபோக மறந்து வேட்டியில் துடைத்துவிட்டு நான் தெருவில் நடந்தால், யாரை வெட்டிவிட்டு வருகிறான் என்று கேட்பார்கள். என்னைத் தெரிந்தவர்கள் அதைக்கூடக் கேட்க மாட்டார்கள்.

போன சம்பாவில், விடாமல் பெய்த மழை ஓய்ந்த காலை. வயலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க அண்ணனுக்குத் தவிப்பு. சேற்றில் இறங்குமுன் ஆயில் பார்த்துவிடலாம் என்று தெருக்களில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நெல் காயவைக்கும் சிமெண்ட் களத்தில் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. சக்கரத்துக்குக் கல் வைத்திருக்க வேண்டும். அண்ணன் கால் இருக்கும்போது கல் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பானெட்டைத் தூக்கியதும் ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. குரல்தான்.

"பிரேக்கை மிதிச்சிட்டீங்களாண்ணே?"

"மிதிச்சாச்சு. நீ இன்னிக்காவது துணி கொண்டாந்தியா?"

"வேட்டி இருக்குண்ணே."

"உன் பொண்டாட்டி என்னையத்தான்டா திட்டுது. ரிவர்ஸ் போடுறேன்."

வண்டி லேசாகப் பின்னால் போனது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். அடுத்து டிரைவில் போட்டார். ஜீப் என் முழங்காலைத் தொட்டது. பின்வாங்கினேன். கூடவே வந்தது.

"அண்ணே, பிரேக்கு!"

"மிதிச்சிருக்கேன்டா!"

பின்னால் இருந்த வைக்கோல் குவியலில் மல்லாந்து விழுந்தேன். அவர் கையால் கியரைத் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். பம்பர் என் பாதத்துக்கு அருகில் நின்றது.

வைக்கோலை உதறிக்கொண்டு, கொலை கேஸில் உள்ளே போகப் பார்த்தீர்களே என்று சொல்ல வாயைத் திறந்தபடியே கதவருகே போனேன். அண்ணன் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கால் பிரேக்குக்குப் பக்கத்தில், வெறும் தரையை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரியும். சில நாள் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் வீட்டுக்குள் வருவார். நாங்கள் கேலி செய்வோம். அதிகம் செய்தவன் நான்தான்.

"எப்பலேருந்துண்ணே?"

"மதமதன்னுதான் இருந்துச்சு. மிதிச்சா தெரியும்."

"இப்ப?"

அவர் பார்க்கிங்கில் போட்டுவிட்டு, "ஆயில பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில், குறை சொல்ல முடியாதபடி நின்றது.

"சரியா இருக்குண்ணே."

"அப்ப வண்டிக்கு ஒண்ணும் இல்ல."

"இல்லண்ணே."

அண்ணன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இன்னிக்கு ஒரு தடவ நானே போயிட்டு வந்துடுறேன்டா. நீ பக்கத்துல உக்காரு. உங்க அண்ணிக்குத் தெரிய வேணாம்."

வாழ்நாளில் அவரிடம் எதையும் மறுத்ததில்லை. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி நழுவிவிடுவேன். ஆனால் வாய்க்கால் கரையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நடப்பார்கள்.

"வேணாம்ணே" என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். மடங்காத காலைக் கையால் தூக்கி வெளியே வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பானெட்டை அவரே மூடினார். சுற்றிவந்து இடதுபக்கம் ஏற நான் கை கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

ஸ்டீயரிங் முன்னால் நான் உட்கார்ந்தேன். ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகாத என் இடது கால் இல்லாத கிளட்சைத் தேடியது. "அங்க என்னடா தேடுற, உள்ளத மிதி" என்றார். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு களத்தைத் தாண்டவில்லை.

வாய்க்கால் கரையில் ஏறினோம். இரண்டு பக்கமும் பயிர் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அவர் வயலைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்த்தார். மதகடி வளைவு வந்தபோது அவருடைய வலது கால், ஒன்றுமே இல்லாத தரையை மிதித்தது. நான் பிரேக்கைத் தொட்டேன். அடுத்த பள்ளத்திலும் மிதித்தார். அவர் மிதித்த இடத்திலெல்லாம் நான் வண்டியை மெதுவாக்கிக்கொண்டே போனேன்.