குண்டூஸி என்று ஒரு பெயர்

பேய்க் கதையை யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். சுங்கை பட்டாணி நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தரம் பார்க்கிற வேலை, கண்ணால் பார்த்துக் கையால் தொட்டால்தான் எதையும் ஒப்புக்கொள்வேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, இது பட்டப்பகலில், திகாம் பத்துவில் என் சொந்த வீட்டில் நடந்தது.

எங்கள் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்காக இணையத்தில் ஒரு தளம் தொடங்கியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்வது என் வகுப்புத் தோழி சரோஜா. நானும் சேர்ந்தேன், 'மிஸஸ் குமார்' என்று பெயர், படத்துக்கு ஒரு ரோஜாப்பூ. மூன்று மாதம் ஆகியும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

நான் காத்திருந்தது வசந்தா ஒருத்திக்காகத்தான். பதினொரு வயதில் அவள் குடும்பம் தோட்டத்தை விட்டு லோரி ஏறிய அன்று, என்னை விட்டுப் போகிறாளே என்ற கோபத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், நான் வரவே இல்லை. முப்பத்தெட்டு வருடமாக அது நெஞ்சில் முள்ளாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை சரோஜா போன் செய்து திட்டினாள்.

"என்னா ஜெயா, ரோசாப்பூவ வெச்சா யாருக்கு லா தெரியும்? பள்ளிக்கூடத்துப் பேரப் போடு, அப்பா பேரப் போடு, எந்த வருசம், தோட்டத்துல எந்த டிவிஷன், எல்லாத்தையும் எழுது. மூஞ்சி தெரியற மாதிரி படம் போடு!"

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். ஜெயலெட்சுமி முனியாண்டி, இரண்டாவது டிவிஷன், ஆறாம் ஆண்டு முடித்த வருடம், தீபாவளிக்கு எடுத்த படம். கடைசியில் 'பட்டப்பெயர்' என்று ஒரு கட்டம். அதை வேண்டுமென்றே காலியாக விட்டேன். எனக்கு இருந்த ஒரே பட்டப்பெயர் வசந்தா வைத்தது. சீருடையின் கிழிந்த பட்டையை உள்பக்கம் குண்டூசி குத்தி மறைத்திருந்தேன், அது அவளுக்கு மட்டும்தான் தெரியும், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வேறு செய்திருந்தாள். என் வீட்டுக்காரருக்குக்கூட அந்தப் பெயர் தெரியாது.

போனை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படியில் தேநீர் கலக்கினேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. பத்து நிமிடம் இருக்கும், போன் சிணுங்கியது. தளத்தில் ஒரு செய்தி, கீழே ஒரு போன் எண்.

'குண்டூசி, நீதானாடி?'

தேநீர் என் காலில் கொட்டியது, சூடுகூட உறைக்கவில்லை. உடனே வசந்தாவின் அந்த எண்ணுக்கு அழைத்தேன். கோலா கெடாவில் படகுத்துறைப் பக்கம் பலகாரக் கடை வைத்திருக்கிறாளாம். இரண்டு பேரும் அழுதோம், சிரித்தோம், மறுபடி அழுதோம்.

"எப்படிடி கண்டுபிடிச்ச?"

"ஜெயலெட்சுமின்னு தேடுனா பதினோரு பேரு வராங்க! அப்புறம் குண்டூசின்னு போட்டேன், நீ மட்டும் வந்த. நீதானே எழுதி வெச்சிருக்க?"

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். காலியாக விட்ட கட்டத்தில் பெயர் இருந்தது, 'குண்டூஸி' என்று. சரோஜாவைக் கேட்டால், "உன் போன்லேர்ந்துதான் போட்டிருக்கு, எனக்கு அந்தப் பேரே இப்பதான் தெரியும்" என்றாள்.

மறுநாளே கோலா கெடாவுக்குக் காரை விட்டேன். வசந்தா கடையை மூடிவிட்டு வாசலில் நின்றிருந்தாள், பாதித் தலை நரைத்து, அதே தெற்றுப்பல்லோடு. தொட்டிக்குப் பின்னால் ஒளிந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அடிப்போடி, உன் பாவாட நல்லா வெளிய தெரிஞ்சிச்சி! நீ அழுவன்னுதான் பாக்காத மாதிரி ஏறிட்டேன்."

வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது மாதம் ஒருமுறை நான் போகிறேன், இல்லையென்றால் அவள் வருகிறாள்.

ஆனால் ஒன்று. பள்ளியில் வசந்தா 'சி' வரவேண்டிய இடத்தில் எல்லாம் 'ஸி' எழுதி ஆசிரியரிடம் குட்டு வாங்குவாள். அதை அவளே மறந்துவிட்டாள், இப்போது சரியாகத்தான் எழுதுகிறாள், அன்று தேடியதும் 'சி' போட்டுத்தான். அந்தத் தளமோ எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் ஆளைக் காட்டும் என்கிறாள் சரோஜா. எத்தனையோ தடவை நானும் குண்டூசி என்று தேடிப் பார்த்துவிட்டேன்.

யாரும் இல்லை என்றுதான் வருகிறது.